மின்கலத்துக்கும் ஒரு கங்காணி வேண்டும்

வாசகர்களே, இன்று இரவு வேலையெல்லாம் முடிந்து ஓய்வாக உட்காரும்போது உங்கள் வீட்டில் ஒரு சின்னக் கணக்கு எடுத்துப் பாருங்கள். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர் நெற்றியில் மாட்டிக்கொள்ளும் விளக்கு, அம்மாவின் கைப்பேசி, பிள்ளைகள் பாடம் பார்க்கும் சிறு கணினி, பட்டணத்தில் வேலை பார்க்கும் அண்ணன் பையில் வைத்திருக்கும் பவர் பேங்க், சில வீடுகளில் முதுகில் சுமந்து மருந்து அடிக்கும் பம்பு. இவற்றுள் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள். அதன் பெயர் லித்தியம் அயன் மின்கலம். நம் பேச்சு வழக்கில் லித்தியம் பேட்டரி.

முன்பெல்லாம் டார்ச் லைட்டில் போட்ட பேட்டரி தீர்ந்தால் தூக்கி எறிந்தோம். லாரி பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் ஊற்றினோம். அதற்கு மேல் அவற்றைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இந்தப் புதிய பேட்டரிக்கு வலிமை அதிகம், முன்கோபமும் அதிகம். ஆகவே இதன் பக்கத்திலேயே ஒரு மேற்பார்வையாளர் இரவு பகலாக நின்றுகொண்டிருக்க வேண்டும். அவர் யார், என்ன வேலை செய்கிறார், அவரை இன்னும் கெட்டிக்காரராக்க விஞ்ஞானிகள் என்ன பாடுபடுகிறார்கள், அவர் இல்லாத பேட்டரியை வாங்கினால் நமக்கு என்ன கேடு என்பதையெல்லாம் இங்கே பார்ப்போம்.

நோபல் பரிசு பெற்ற பேட்டரி

1970களில் அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்பவர் லித்தியத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய கலம் ஒன்றை அமைத்தார். 1980இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி அதன் வலிமையைப் பெருக்கினார். 1985இல் ஜப்பானியர் அக்கிரா யோஷினோ, ஆபத்து மிகுந்த லித்திய உலோகத்தை நீக்கிவிட்டுக் கரிப்பொருளைச் சேர்த்து, நம்பிப் பயன்படுத்தத்தக்க கலத்தைச் செய்து காட்டினார். 1991இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான். 2023இல், நூறு வயது நிறைந்த பின்னர், அவர் காலமானார். இன்று இந்தப் பேட்டரிகளில் பெரிதும் பயன்படும் பென்சில்கரி முனைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான மொராக்கோ நாட்டவர் ரஷீத் யாஸாமி, பின்னாளில் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

மங்கும் வழியக்கூடாது, மரமும் காயப்படக்கூடாது

லாரியிலும் காரிலும் இருக்கும் ஈய பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. அறைக்கு 2 வோல்ட். மொத்தம் 12 வோல்ட். அதில் மின்சாரத்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றிவிட்டால் உள்ளேயுள்ள தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும். குறைந்த தண்ணீரை ஊற்றிச் சரிசெய்துகொள்ளலாம். ஓரளவு தவற்றை அது பொறுத்துக்கொள்ளும்.

லித்தியம் கலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. கைப்பேசியில் இருப்பது போன்ற சாதாரண லித்தியம் கலம் ஒன்று நிறைந்திருக்கும்போது சுமார் 4.2 வோல்ட் காட்டும். தீர்ந்த நிலையில் 3 வோல்ட் அல்லது அதற்குச் சற்றுக் கீழே காட்டும். இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் அது நடமாட வேண்டும்.

மேல் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? மங்கு நிறைந்த பிறகும் பால் சொட்டிக்கொண்டிருந்தால் வழிந்து வீணாகும், அவ்வளவுதான். லித்தியம் கலம் நிறைந்த பிறகும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருந்தால், கரிமுனைக்குள் போக இடமில்லாத லித்தியம் அதன் மேல் உலோகமாகப் படியும். எதிர்முனைப் பொருள் நிலைகுலைந்து பிராணவாயுவை வெளிவிடத் தொடங்கும். நடுவில் இருக்கும் திரவமோ எண்ணெய் போல எரியக்கூடியது. எரிபொருள், பிராணவாயு, சூடு மூன்றும் ஒரே டப்பாவுக்குள் கூடிவிட்டால் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கீழ்க் கோட்டைத் தாண்டுவதும் நல்லதன்று. பால் வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்தக் காயம் முடிச்சாக நின்றுவிடும். அதுபோல ஒரு லித்தியம் கலத்தை ஒட்ட வற்றவிட்டால் அதனுள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி மின்னேற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, இரு முனைகளையும் இணைத்துவிடலாம். அங்கே மின்தடம் முறைதவறி, உள்ளுக்குள்ளேயே சூடு பிறக்கும்.

சூடும் ஓர் எதிரி. முழுதாக மின்னேற்றி வெயிலில் போட்டு வைக்கும் பேட்டரி, நிழலில் வைப்பதைவிட விரைவில் கிழடு தட்டிப்போகும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் இதை மறக்கக்கூடாது.

கங்காணியின் நான்கு வேலைகள்

இவ்வளவு நுணுக்கத்தையும் மனிதர் பக்கத்தில் நின்று கவனிக்க முடியுமா? முடியாது. ஆகவே பேட்டரியுடன் சிறு மின்னணுப் பலகை ஒன்றைச் சேர்த்து வைக்கிறார்கள். கைப்பேசியில் அது விரல் நகம் அளவே இருக்கும். மின்சாரக் காரில் அது ஒரு கணினியாகவே இருக்கும். ஆங்கிலத்தில் இதைச் சுருக்கமாக பி.எம்.எஸ். என்பார்கள். நாம் பேட்டரி மேலாண்மை அமைப்பு எனலாம். கங்காணி என்று சொன்னால் நம்மவர்க்கு இன்னும் சுலபமாக விளங்கும்.

இந்தக் கங்காணியின் முதல் வேலை பெரட்டு எடுப்பது. ஒவ்வொரு கலத்தின் வோல்ட் எவ்வளவு, சூடு எவ்வளவு, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, ஆபத்து நேரத்தில் வேலையை நிறுத்துவது. ஏதாவது ஒரு கலம் கோட்டைத் தாண்டப் பார்த்தால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடும்.

மூன்றாவது, சமப்படுத்துவது. 2012இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் காரில் பெரிய பேட்டரி கொண்ட வகைக்குள் 7,104 சிறு கலங்கள் இருந்தன. அவை 74 கலங்கள் கொண்ட 96 குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருந்தன. அத்தனை கலங்களும் ஒரே மாதிரி இருக்குமா? ஒரு நிரையில் வேலை செய்யும் ஆட்களின் பலம் ஒன்றாகவா இருக்கிறது? தொடரில் ஒரு குழு நலிந்தால் மற்ற 95 குழுக்களில் பலம் மிச்சமிருந்தும் பயனில்லை. நலிந்தது முதலில் தீர்ந்துபோகும். மின்னேற்றும்போதும் அதுவே முதலில் நிறைந்துவிடும். ஆகவே நிறைந்த கலத்திலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வடித்துவிட்டு, மற்றவை நிறையும்வரை கங்காணி நேரம் கொடுக்கும்.

நான்காவது, கணக்கு எழுதுவது. இன்னும் எத்தனை விழுக்காடு மிச்சம், பேட்டரிக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று சொல்வது. நான்கிலும் கடினமானது இதுவே.

30 விழுக்காடு இருந்தும் போன் செத்துப்போவது ஏன்?

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: “சார், அம்மா போனில் முப்பது இருக்கிறது என்று காட்டியது. ஒரு நிமிடத்தில் செத்துப்போய்விட்டதே, ஏன்?” நல்ல கேள்வி. பெரிய பெரிய பேராசிரியர்கள் தலையை உடைத்துக்கொண்ட கேள்வியும் இதுதான்.

மோட்டார் சைக்கிள் தாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிடலாம். பேட்டரிக்கு அப்படி மூடி இல்லை. உள்ளேயிருப்பதை ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்க இரண்டு வழிகள் உண்டு.

மளிகைக் கடையில் அரிசிக் கணக்கு வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று புத்தகத்தில் எழுதிக் கழித்துப் பார்ப்பது ஒரு வழி. பேட்டரிக் கங்காணியும் அப்படி ஏறிய மின்சாரத்தையும் இறங்கிய மின்சாரத்தையும் எழுதி வைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அரைப்பிடி தவறினாலும் மாதக் கடைசியில் கணக்கு எங்கேயோ போய்விடும். இரண்டாவது வழி, மூட்டையை எட்டிப் பார்ப்பது. அதாவது வோல்ட்டை அளந்து, இருப்பை ஊகிப்பது. அதிலும் சங்கடம் உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும்போது வோல்ட் தாழ்ந்து காட்டும், ஓய்ந்திருக்கும்போது ஏறிவிடும். மேலும், இப்போது பல மின்சாரக் கார்களில் பயன்படும் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியில், இருப்பு பாதியானாலும் கால்வாசியானாலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும். எட்டிப் பார்த்தாலும் பயனில்லை. இதனால்தான் அவ்வகைக் கார்களைச் செய்யும் சில நிறுவனங்கள், வாரம் ஒருமுறையாவது நூறு விழுக்காடு வரை மின்னேற்றுங்கள் என்று சொல்லுகின்றன. மூட்டை நிரம்பி நிற்கும் அன்று கணக்குப் புத்தகத்தைத் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

பேட்டரி பழையதாகும்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நூறு கிலோ மூட்டை எண்பது கிலோ மூட்டையாகச் சுருங்கிவிடுகிறது. புத்தகமோ இன்னும் நூறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. உள்தடையும் கூடிவிடுவதால், படம் பார்ப்பது போன்ற கனமான வேலை கொடுத்தவுடன் வோல்ட் தடாலென்று விழுகிறது. கங்காணி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. அந்த மாணவனுடைய தாயாரின் போனில் நடந்தது அநேகமாக இதுதான்.

சந்திரனுக்குப் போன கணக்கு

இரண்டு கணக்குகளும் முழுக்க நம்பத்தக்கவை அல்ல என்றால் என்ன செய்வது? 1960ஆம் ஆண்டு ருடால்ஃப் கால்மன் என்னும் அறிஞர் இதற்கு ஒரு கணித முறையை வெளியிட்டார். இரண்டு சாட்சிகளும் சற்றுத் தவறாகச் சொல்லக்கூடியவர்கள். ஒவ்வொருவரையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்று எடைபோட்டு, இருவர் சொன்னதையும் கலந்து, உண்மைக்கு மிக நெருங்கிய விடையைக் கணத்துக்குக் கணம் திருத்திக்கொண்டே போவது அம்முறை. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்கள் தம் பாதையை அறிய இக்கணக்கே உதவியது. 2004இல் அமெரிக்காவின் கொலராடோவில் பணியாற்றிய கிரகரி பிளெட் என்பவர் இதே முறையை லித்தியம் பேட்டரிகளின் இருப்பையும் வயதையும் அறியப் பயன்படுத்தும் வழியை விரிவாக எழுதினார். விண்ணுக்குப் போன கணக்கு, மண்ணில் ஓடும் காருக்குள் வந்து சேர்ந்தது.

இப்போது கணினிகளுக்கு அனுபவத்தைப் புகட்டி ஊகிக்கப் பழக்குகிறார்கள். 2019இல் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. ஆகிய பல்கலைக்கழகங்களும் டொயோட்டா ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. 124 கலங்களை வேகமாக மின்னேற்றியும் வெறுமையாக்கியும் ஆயுள் முடியும்வரை சோதித்தார்கள். சில 150 சுற்றுகளிலேயே ஓய்ந்தன. சில 2,300 சுற்றுகள்வரை உழைத்தன. முதல் 100 சுற்றுகளின் அளவைகளை மட்டும் பார்த்து, ஒவ்வொரு கலமும் எத்தனை சுற்று உழைக்கும் என்பதைச் சுமார் 9 விழுக்காட்டுத் தவறுக்குள் கணினியால் சொல்ல முடிந்தது. பலம் குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியாத நிலையிலேயே அது கண்டுகொண்டது! மறு ஆண்டு அதே ஆய்வாளர்களில் சிலர், வேகமாக மின்னேற்றும் 224 முறைகளுள் பேட்டரிக்குக் கேடில்லாத சிறந்த முறைகளைக் கணினி உதவியுடன் 16 நாட்களில் கண்டெடுத்தார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தால் 500 நாட்களுக்கு மேல் ஆகியிருக்கும்.

விமானமே தரையில் நின்றது

கங்காணி இருந்தும் விபத்து நேர்ந்த கதை ஒன்றுண்டு. 2013 ஜனவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானம் பயணிகளை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் புகையைக் கண்டார்கள். எட்டுக் கலங்கள் கொண்ட லித்தியம் பேட்டரி ஒன்று தீப்பற்றியிருந்தது. ஒன்பது நாள் கழித்து, ஜப்பானில் பறந்துகொண்டிருந்த ஆல் நிப்பான் நிறுவனத்தின் 787 விமானத்திலும் பேட்டரி கெட்டு, அது தக்கமட்சுவில் அவசரமாகத் தரையிறங்கியது. உலகில் அப்போது ஓடிக்கொண்டிருந்த 787 விமானங்கள் அனைத்தும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன.

பாஸ்டன் விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவை 2014இல் வெளியிட்டது. ஒரு கலத்தின் உட்புறத்தில் மின்தடம் குறுக்கிட்டு அது கொதித்தது. அந்தச் சூடு பக்கத்துக் கலங்களுக்கும் பரவியது. அந்தப் பேட்டரியில் கண்காணிப்புப் பலகை இருக்கத்தான் செய்தது. ஆனால் வெளியிலிருந்து இணைப்பைத் துண்டிக்கும் பலகையால், கலத்துக்குள்ளேயே பிறந்த கோளாற்றை நிறுத்த முடியாது. ஆகவே கலங்களுக்கிடையே தடுப்புகளைப் பலப்படுத்தினார்கள். முழுப் பேட்டரியையும் எஃகுப் பெட்டியில் வைத்து, புகை விமானத்துக்கு வெளியே போகக் குழாய் அமைத்தார்கள். ஏற்றும் இறக்கும் எல்லைக் கோடுகளையும் இன்னும் நெருக்கமாக்கினார்கள். 2013 ஏப்ரலில் விமானங்கள் மீண்டும் பறந்தன.

நல்ல கங்காணி மட்டும் போதாது. ஆட்களும் நல்லவர்களாக, வீடும் உறுதியானதாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. கலத்துக்குள் பிறக்கும் கோளாற்றை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் கங்காணியை உண்டாக்குவதே இன்றைய ஆராய்ச்சியின் பெரிய ஆசை.

நம் வாசல்வரை வந்த விஷயம்

இதெல்லாம் விமானத்தில் போகிறவர்கள் கவலை என்று நினைக்கவேண்டாம். 2019 ஜூலையில் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீடொன்றில் மின்சார ஸ்கூட்டர்கள் தொடர்பாக நேர்ந்த தீயில் ஒருவர் உயிரிழந்தார். யூ.எல். 2272 என்ற பாதுகாப்புத் தரம் இல்லாத மின்சார ஸ்கூட்டர்களைப் பயன்படுத்துவது அந்நாட்டில் 2020 ஜூலை 1 முதல் சட்டப்படி குற்றமானது. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களுக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

விலை மலிவாகக் கிடைக்கும் பேட்டரியில் முதலில் குறைக்கப்படுவது எது தெரியுமா? கங்காணிதான். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே காப்புப் பலகை இருக்காது, இருந்தாலும் பெயருக்கு இருக்கும். மருந்துப் பம்பு அடிக்கடி நின்றுபோகிறதென்று கடையில் கொடுத்தால், “இந்தப் பலகைதான் தொல்லை” என்று அதைத் தவிர்த்து நேரே கம்பி இழுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பம்பு அன்றைக்கு ஓடும். ஆனால் காவற்காரனை அனுப்பிவிட்டு வீட்டைத் திறந்து போட்டதற்கு ஒப்பானது அது. அந்தப் பம்பை இரவில் மின்னேற்றுவது பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கும் கூடத்தில்தானே?

ஆகவே தாய்மார்களும் தந்தைமார்களும் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும்.

மெத்தை மீதோ தலையணைக்கு அடியிலோ வைத்து மின்னேற்றாதீர்கள். சிமெண்டுத் தரையில், துணிமணி இல்லாத இடத்தில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றுங்கள். வெளியேறும் வாசற்படியருகே மின்சார ஸ்கூட்டரை வைத்து மின்னேற்ற வேண்டாம்; தீப்பிடித்தால் வெளியே போக வழி இருக்காது.

அந்தந்தக் கருவிக்கு உரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகாதீர்கள்.

உப்பிய பேட்டரி, நசுங்கிய பேட்டரி, தண்ணீரில் முழுகிய பேட்டரி ஆகியவற்றை மறுபடி மின்னேற்றாதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவற்றைக் குப்பையோடு போடாமல், பழைய மின்னணுப் பொருள்களைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பேட்டரியிலிருந்து சீறும் சத்தமோ புகையோ வந்தால், பொருளைக் காப்பாற்றப் பார்க்காமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். கதவைச் சாத்திவிட்டு உடனே தீயணைப்புப் படையை அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அந்தப் புகையும் நஞ்சு.

பிள்ளைகளின் எதிர்காலம்

இந்தத் துறை இனி வளரப்போகும் துறை. நெகிரி செம்பிலானில் சிரம்பானிலேயே கொரியாவின் சாம்சுங் எஸ்.டி.ஐ. நிறுவனம் மின்கலத் தொழிற்சாலை நடத்துகிறது. சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் 2023 பிப்ரவரியில் 285 மெகாவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கும் மாபெரும் பேட்டரி நிலையம் திறக்கப்பட்டது. புரோட்டோன் நிறுவனமே 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 என்ற மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றைச் செய்யவும் பழுதுபார்க்கவும் கண்காணிக்கவும் ஆட்கள் வேண்டும். பட்டதாரிகளும் வேண்டும், தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்னணுவியல் படித்த கைத்திறன் உள்ள இளைஞர்களும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு.

நம் பெற்றோர் காலத்தில் தோட்டத்துப் பிள்ளை மோட்டார் பட்டறைக்குப் போய் எண்ணெய்க் கையோடு தொழில் கற்றான். அடுத்த தலைமுறை கற்க வேண்டிய பட்டறை இது. இதற்கு அடிப்படை தொடக்கப்பள்ளிக் கணக்கும் அறிவியலும்தான். விழுக்காடு என்றால் என்ன, சராசரி என்றால் என்ன என்று இன்று தடுமாறாமல் சொல்லும் பிள்ளை, நாளைக்குக் கால்மன் கணக்கையும் கற்றுக்கொள்ளும். “ஏன்?” என்று கேட்கும் பிள்ளையை அதட்டி உட்காரவைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் பள்ளிக்கு அனுப்பி ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கடையில் பேட்டரி உள்ள பொருள் எதை வாங்கினாலும், விலை பேசுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் காப்புப் பலகை இருக்கிறதா? எந்தத் தரச் சோதனையில் தேறியது?” பதில் சொல்லத் தெரியாத கடையில் பத்து வெள்ளி மிச்சம் பிடித்து வாங்கிவராதீர்கள்.